நாற்பத்தொன்றாம் மேடையின் நடுப்புள்ளி

இசோபே யசுயோ தம் வாழ்நாளில் அறுபத்து மூன்று தரைகளைச் சமமாக்கினார். அவற்றில் ஒன்றின் மீதும் யாரும் கால் வைத்ததில்லை. எல்லாம் ஒரு வீடியோ கேமுக்குள் இருந்தன. அறுபத்து இரண்டு சரியாக அமைந்தன. ஒன்று அமையவில்லை.

இருவர் சண்டையிடும் ஆட்டம் அது. அந்தரத்தில் ஒரு மேடை மிதக்கும். எதிராளியை அடித்து அடித்து விளிம்புக்கு வெளியே தள்ள வேண்டும். மேடைகளில் விதம் விதமான தொல்லைகள் உண்டு. ஒன்றில் எரிமலைக் குழம்பு பொங்கி வரும். ஒன்றில் ரயில் வந்து இருவரையும் அடித்துக்கொண்டு போகும். ஒன்றில் தரையே கவிழும். பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்கு இது வேடிக்கை. போட்டிக்கு ஆடுகிறவர்களுக்கு எரிச்சல். தோற்றால் எதிராளியிடம் தோற்க வேண்டும், ரயிலிடம் அல்ல என்பது அவர்கள் கட்சி. அவர்களுக்காக ஒவ்வொரு மேடைக்கும் இன்னொரு வடிவம் செய்ய வேண்டியிருந்தது. பின்னால் தெரியும் காட்சி அப்படியே இருக்கும். முன்னால் ஒரு தட்டைத் தரை மட்டும். மேடு பள்ளம் இல்லை, குழம்பு இல்லை, ரயில் இல்லை. அலுவலகத்தில் அதை வெறும் மேடை என்றார்கள்.

அலுவலகம் கியோத்தோவின் தெற்கே ஃபுஷிமியில், ஒரு பல் மருத்துவருக்கு மேல்மாடியில் இருந்தது. பெரிய நிறுவனங்கள் வெளியே கொடுக்கும் வேலையை வாங்கிச் செய்யும் முப்பது பேர். யசுயோ நாற்பத்தொன்றாவது வயதில் அங்கே சேர்ந்தார். அதற்கு முன் பதினெட்டு வருடம் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வரைபடம் வரைந்தவர். பெரும்பாலும் கார் நிறுத்துமிடங்கள். அந்தத் தரைகள் சமமாக இருக்கக் கூடாது. நூற்றுக்கு ஒன்று என்று சாய்வு வைத்தால்தான் மழைநீர் வடியும். பதினெட்டு வருடமும் அவர் சாய்வு வரைந்தார். அந்த நிறுவனம் மூடப்பட்டது. கணவர் அதற்கு முன்பே வடக்கே செந்தாய் நகரத்துக்குப் போய் வேறு குடும்பம் கண்டிருந்தார். மகள் நவோவுக்கு அப்போது பதிமூன்று வயது.

வெறும் மேடைகள் யசுயோவிடம் வந்த விதம் சாதாரணமானது. குழுத்தலைவர் குரிமோதோ, யசுயோவை விட இருபது வயது இளையவர், கூட்டத்தில் கேட்டார்.

"வெறும் மேடையை யார் எடுத்துக்கறீங்க?"

எல்லோரும் அவரவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்கள். எரிமலை மேடையைச் செய்த தபுச்சி மட்டும் வாய் திறந்தான்.

"அதுல காட்டறதுக்கு என்ன சார் இருக்கு? முடிச்சுட்டு வந்து நின்னாலும், ஆமா நீ என்ன பண்ணினேன்னு கேப்பாங்க."

"அப்ப எனக்குக் குடுங்க," என்றார் யசுயோ. "எனக்கு வயசாயிடுச்சு. யாரும் கேக்க மாட்டாங்க."

அவர் வேலை செய்யும் முறை மாறாதது. மேடையின் இடது பாதியை வரைவார். அதைக் கண்ணாடி போலப் புரட்டி வலது பாதியாக வைப்பார். நடுவில் இரண்டு பாதிகளின் முனைப்புள்ளிகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். அந்த இரண்டையும் ஒட்டி ஒரே புள்ளியாக்குவார். பிறகு நடப்பார். ஆட்டத்தில் உள்ள வீரர்களிலேயே மெதுவானவன் ஒரு சுமைதூக்கி. முதுகில் அரிசி மூட்டை. அவனை இடமிருந்து வலமாக நூறு தடவை, வலமிருந்து இடமாக நூறு தடவை நடத்துவார். கால் எங்காவது தடுக்குகிறதா, மூட்டை எங்காவது அசைகிறதா என்று பார்ப்பார். ஒரு மேடைக்கு ஒரு நாள் ஆகும்.

தபுச்சி அவர் திரையைக் கடந்து போகும்போதெல்லாம் ஏதாவது சொல்வான்.

"இசோபே சான், இன்னும் போய்ச் சேரலையா அவன்?"

"சேந்துட்டான். திரும்பி வந்துட்டிருக்கான்."

"அரிசி புழுத்துடப் போகுது."

"உன் எரிமலைல காயவெச்சுக்கறேன். அங்க ஏதோ வழியுதாமே, டெஸ்டர் எழுதியிருக்கார்."

மகள் நவோ நகோயாவில் ஒரு ரயில் நிறுவனத்தில் இருந்தாள். அளவு வண்டியில் ஏறித் தண்டவாளத்தின் மட்டத்தைப் பதிவு செய்யும் பிரிவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்குப் போன் செய்வாள்.

"இந்த வாரம் எத்தனை நடந்தே?"

"அஞ்சு மேடை. ஆயிரம் தடவை."

"இல்லாத தரையில எதுக்கும்மா இப்படி நடக்கற?"

"உன் தண்டவாளம் இருக்கு. அதுல நீ நடக்கறியா? வண்டியில உக்காந்துதானே போறே."

"எங்களுக்கு ரெண்டு மில்லிமீட்டர் வரைக்கும் பரவாயில்ல."

"அதான் உங்க வண்டியில டீ தளும்புது."

ஒன்றரை வருடத்தில் அறுபத்து மூன்றும் முடிந்தன. ஆட்டம் வசந்தகாலத்தில் கடைக்கு வந்தது. யசுயோவின் பெயர் முடிவில் ஓடும் பட்டியலில் நூற்றுக்கணக்கானவற்றோடு ஒன்றாக வந்தது. நவோ அதைப் பார்க்க ஆட்டத்தை முடித்தே தீர வேண்டியிருந்தது. இரண்டு வாரம் ஆனது.

போட்டிக்காரர்கள் அறுபத்து மூன்றில் ஐந்தைப் பொறுக்கிக்கொண்டார்கள். அவற்றில் ஒன்று நாற்பத்தொன்று. மூல வடிவத்தில் அது ஒரு வாய்க்கால் கரை. மதகு திறந்து தண்ணீர் எல்லோரையும் வாரிக்கொண்டு போகும். வெறும் வடிவத்தில் மதகு மூடியே இருந்தது. மழை விட்ட சாயங்காலம், சாம்பல் வானம், பின்னால் அசையாத நீர். பளிச்சென்று எதுவும் இல்லை. நாள் முழுக்க ஆடினாலும் கண் வலிக்காது என்பதால் அதுதான் அதிகம் ஆடப்பட்டது.

செப்டம்பரில் தகாமத்சுவில் ஒரு போட்டியின் இறுதி ஆட்டம் அந்த மேடையில் நடந்தது. மழைக்கோட்டு என்ற பெயரில் ஆடும் ஒருவன் நரியை வைத்துக்கொண்டான். நரியின் ஆயுதம் ஒரு சிறிய பூசணிக்காய். தரையோடு தரையாக அதை உருட்டிவிடும். எதிராளி அதைத் தாண்டக் குதிப்பான். குதித்த இடத்தில் நரி காத்திருக்கும். இருவருக்கும் கடைசி உயிர். மழைக்கோட்டு பூசணியை இடமிருந்து மெதுவாக உருட்டினான். அது மேடையின் நடுவில் போய் நின்றுவிட்டது. எதிராளி குதிக்கவில்லை. நேரே வந்து நரியை அடித்து வெளியே அனுப்பினான்.

வர்ணனை செய்தவர் கேட்டார். "அங்க என்ன, கல்லு கிடக்கா?"

ஒரே வாரத்தில் அதற்குக் கூழாங்கல் மேடை என்று பெயர் வந்தது. ஒரே மாதத்தில் ஊர் ஊராகப் போட்டிப் பட்டியல்களிலிருந்து நீக்கப்பட்டது.

யசுயோ அந்த வீடியோவை மதிய உணவின்போது மேசையிலேயே பார்த்தார். டப்பாவை மூடிவிட்டு நாற்பத்தொன்றின் கோப்பைத் திறந்தார். நடுவில் ஒரு புள்ளி தெரிந்தது. ஆயிரம் மடங்கு பெரிதாக்கினார். அப்போதும் ஒரு புள்ளிதான். எண்ணிக்கையைக் கேட்டார். இரண்டு என்றது இயந்திரம்.

ஒட்டவில்லை. நடந்தது அவருக்கு நினைவு வந்தது. ஒரு முறை ஒட்டியிருந்தார். பிறகு பின்காட்சி செய்பவர் மேடையை அரை அடி நீட்டச் சொன்னார். பிரித்து, நீட்டி, மறுபடி புரட்டி வைத்தார். மறுபடி ஒட்டவில்லை. இரண்டு புள்ளிகளும் கடைசித் தசமம் வரை ஒரே இடத்தில் இருந்தன. உயரத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் இயந்திரத்தின் கணக்கில் அங்கே ஒரு தரை முடிந்து இன்னொரு தரை தொடங்கியது. வீரர்களின் காலுக்கு அதில் சலுகை உண்டு, தாண்டிப் போய்விடும். மெதுவாக உருளும் பொருளுக்குச் சலுகை இல்லை. தரை முடிந்தது என்று நின்றுவிடும்.

அதாவது அவருடைய இருநூறு நடையும் அந்தக் குறையை ஒருபோதும் காட்டியிருக்காது. அது அவரை அதிகம் உறுத்தியது.

குரிமோதோவிடம் போனார்.

"நாப்பத்தொன்னு என் தப்பு. ஒட்டாம விட்டுட்டேன்."

"யாரும் கேக்கலையே, இசோபே சான்."

"கேக்கலைன்னா தரை சரியாயிடுமா?"

குரிமோதோ பட்டியலில் எழுதிக்கொண்டார். நானூற்றுப் பன்னிரண்டாவது குறை. அவசரம்: குறைவு.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யசுயோ வார்டு மண்டபத்தில் நடந்த ஒரு போட்டிக்குப் போனார். யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். இருபது திரைகள், அறுபது பேர், பெரும்பாலும் கல்லூரி வயது. அவரைப் பார்த்ததும் மேசையில் இருந்த பெண் எழுந்து நின்றாள்.

"யாரையாச்சும் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

"இல்ல, சும்மா பாக்க வந்தேன்."

"பாருங்க பாருங்க. அந்தப் பச்சைச் சட்டைக்காரர் பக்கத்துல இடம் இருக்கு. அவர் வாய் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."

பச்சைச் சட்டைக்காரன் பெயர் நகுமோ. அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருந்தான். யசுயோ கையில் இருந்த சோற்று உருண்டையைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டான். முன்னால் இருவர் கல், காகிதம், கத்தரி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பண்றாங்க?"

"மேடை அடிக்கறாங்க, ஆன்ட்டி. அஞ்சு மேடை இருக்கா? ஜெயிச்சவன் ஒன்னை வேண்டாம்பான். அடுத்தவன் ரெண்டை வேண்டாம்பான். மறுபடி முதல் ஆளு ஒன்னு. மிச்சம் இருக்கறதுல ஆட்டம். ரெண்டு பேருக்கும் பிடிக்காத மேடையா இருக்கும், ஆனா ரெண்டு பேருக்கும் சமமாப் பிடிக்காது."

சுவரில் மேடைப் பட்டியல் ஒட்டியிருந்தது. நான்காவது வரியில் வாய்க்கால் கரை. அதன் மேல் தடித்த மையால் ஒரு கோடு. பக்கத்தில் இன்னொரு மேடையின் பெயரைக் கையால் எழுதியிருந்தார்கள்.

"அதை ஏன் அடிச்சிருக்கு?"

"அதுவா? கூழாங்கல். நல்ல மேடை, நாசமாப் போச்சு. புதுசா வந்திருக்கே, அது பின்னாடி பூராவும் வாணவேடிக்கை. ரெண்டு ஆட்டத்துல தலைவலி வந்துடும்." நகுமோ பக்கத்தில் இருந்தவனைத் தட்டினான். "டேய், இவங்ககிட்டச் சொல்லு, அந்தத் தரை போட்டவனைப் பத்தி."

"அவனைக் கொத்தனார் வேலைக்குக்கூட எடுக்க மாட்டாங்க, ஆன்ட்டி. ஒரு கோடு. நேரா ஒரே ஒரு கோடு. அதைப் போடத் தெரியல."

"தூங்கிட்டே போட்டிருப்பான்."

"சம்பளம் வாங்கும்போது முழிச்சிருப்பான்."

யசுயோ சோற்று உருண்டையைச் சாப்பிட்டு முடித்தார். வேலையைப் பற்றி வெளியே பேசுவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தார். போடாவிட்டாலும் பேசியிருக்க மாட்டார்.

"அதை சரி பண்ணிட்டா மறுபடி சேத்துப்பீங்களா?"

நகுமோ யோசித்தான். "சரி பண்ணினா சேத்துக்குவோம். ஆனா பண்ண மாட்டாங்க. ஆட்டம் வித்தாச்சு. இனிமே கடைசி அப்டேட் ஒன்னு போட்டுட்டுக் கடையைச் சாத்திடுவாங்க. எல்லாருக்கும் எரிமலைதான் வேணும். வெறுந்தரையை எவன் பாக்கறான்."

அன்று முழுவதும் இருந்தார். பரிசு கொடுக்கும்போது எழுந்துவிட்டார். நகுமோ ஏழாவது இடம். வாணவேடிக்கைதான் காரணம் என்று அவன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது வாசல் வரை கேட்டது.

அக்டோபர் கடைசியில் இரண்டு தேதிகள் வந்தன.

முதலாவது மருத்துவமனையிலிருந்து. சில மாதங்களாக யசுயோவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் கட்டி. அறுவை சிகிச்சை நவம்பர் பதினான்கு.

இரண்டாவது குரிமோதோவிடமிருந்து. கடைசி அப்டேட் நவம்பர் இருபத்தைந்தோடு மூடப்படும். அதற்குப் பிறகு இந்த ஆட்டத்தில் யாரும் எதையும் தொட முடியாது. நாற்பத்தொன்று அதில் இல்லை.

"ஒட்டறதுக்கு நாலு செகண்டு போதும்," என்றார் யசுயோ.

"தெரியும். ஆனா ஒரு தரையைத் தொட்டா அதை முழுசா டெஸ்ட் பண்ணணும். எம்பத்திரண்டு வீரர். ஒவ்வொருத்தனும் உருட்டறது, தள்றது, எறியறது எல்லாம். ரெண்டு திசையும். என்கிட்ட ஆள் இல்ல, இசோபே சான். இருக்கறவங்க எல்லாம் அடுத்த வேலைக்குப் போயாச்சு."

"நான் பண்றேன்."

"உங்களுக்குப் பதினாலாம் தேதி லீவு குடுத்திருக்கேன்."

"அதை நான் பாத்துக்கறேன்."

குரிமோதோ அவரை நேராகப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடி பேசினார். "சரி. ஆனா ஒன்னு சொல்லிடறேன். ஒரே ஒரு குறை வந்தாலும் பழைய தரைதான் போகும். திருத்தித் திருத்தி மறுபடி பாக்க நேரம் இல்ல."

"வேண்டாம். ஒரு தடவை போதும்."

அந்தச் சனிக்கிழமை நவோ ஃபுஷிமியில் அம்மாவின் வீட்டுக்கு வந்தாள். மருத்துவமனைக்கு எடுத்துப்போக வேண்டிய துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது யசுயோ விஷயத்தைச் சொன்னார். நவோ மடிப்பதை நிறுத்தினாள்.

"மூணு வாரமா? எதுக்கு?"

"தரை ஒன்னு பாக்கி இருக்கு."

"வேற யாராச்சும் பாக்கட்டும்."

"வேற யாரும் இல்லடி. போட்டது நான்."

"அம்மா, அது பொம்மை. பொம்மைக்குள்ள இருக்கற பலகை."

"உன் பாதையில ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல இருந்தா என்ன பண்ணுவே?"

"வண்டியை நிறுத்தச் சொல்லுவேன்."

"அப்புறம்?"

"சரி பண்ற வரைக்கும் விட மாட்டேன். ஆனா அதுல மனுஷன் போறான்."

"இதுலயும் மனுஷன்தான் போறான். செத்துப்போக மாட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்."

"நீ செத்துப்போனா?"

யசுயோ மடிக்காத துணியை எடுத்து மடித்தார். "டாக்டர் ஒப்புக்கலைன்னா பதினாலாம் தேதியே போறேன். ஒப்புக்கிட்டா மூணு வாரம் கழிச்சு. நீ கேட்டுச் சொல்லு."

"நான் ஏன் கேக்கணும்?"

"டெஸ்ட் ரூமுக்குள்ள போன் கொண்டுபோக விட மாட்டாங்க. ஆஸ்பத்திரி நம்பரை ஒன்பது மணியிலேருந்து அஞ்சு மணி வரைக்கும்தான் எடுப்பாங்க. நான் அப்ப உள்ள இருப்பேன்."

 நவோ மீதித் துணிகளையும் மடித்து வைத்துவிட்டு நகோயாவுக்குத் திரும்பினாள். திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு, அளவு வண்டி கிளம்பக் காத்திருந்த நேரத்தில், மருத்துவமனைக்குப் போன் செய்து தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டவள் அவள்தான். மருத்துவரிடம் கேட்டுவிட்டு மாலையில் திருப்பி அழைத்தார்கள். மாற்றலாம், விரும்பத்தக்கதல்ல என்றார்கள். டிசம்பர் ஐந்து. நவோ சரி என்றாள்.

யசுயோ அதற்குப் பிறகு பதினாறு மாதம் இருந்தார். இறந்து நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் நவோ மருத்துவரைப் போய்ப் பார்த்தாள். அந்த மூன்று வாரத் தாமதத்தால் ஆயுளில் எவ்வளவு குறைந்தது என்று கேட்டாள். அவர் கோப்பைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். குறைந்திருக்கலாம், குறையாமலும் இருந்திருக்கலாம், பிரித்துச் சொல்ல முடியாது என்றார். உத்தேசமாக ஒரு எண்ணாவது வேண்டும் என்றாள். அப்படி ஒரு எண் இல்லை என்றார். நவோ நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த நவம்பரில், ஒட்டுவதற்கு நான்கு விநாடிகூட ஆகவில்லை. மற்ற அறுபத்து இரண்டு மேடைகளிலும் நடுவில் எத்தனை புள்ளி என்று கேட்டார். எல்லாவற்றிலும் ஒன்று.

பிறகு உருட்டத் தொடங்கினார். நடக்கும் பழக்கத்தை விட்டுவிட்டார். நரியின் பூசணி, தச்சனின் பீப்பாய், சிறுமியின் நூல்கண்டு, மீன்காரியின் பனிக்கட்டி. ஒவ்வொன்றையும் இடமிருந்து நாற்பது, வலமிருந்து நாற்பது. வேகமாகப் பாதி, மெதுவாகப் பாதி. ஒரு வீரன் முடிந்ததும் தாளில் ஒரு கட்டம் நிரப்புவார். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை. நடுவில் கஞ்சி. இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. மீதியை மூடி வைத்துவிட்டு மறுபடி உட்காருவார்.

மூன்றாம் நாள் தபுச்சி எட்டிப்பார்த்தான்.

"என்ன, சந்தை போடறீங்களா? பூசணி, மீன், நூலு."

"வாங்கறதா இருந்தா வா. இல்லைன்னா வெளிச்சத்தை மறைக்காதே."

ஐந்தாம் நாள் அவன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு கன்ட்ரோலரை எடுத்தான். யாரும் சொல்லவில்லை. நாற்பதை அவன் எண்ணும்போது முப்பத்தெட்டு வரும். யசுயோ மறுபடி முதலிலிருந்து உருட்டச் சொல்வார்.

"ரெண்டுதானே குறைஞ்சுது."

"அந்த ரெண்டுல நின்னா?"

"எனக்கு வீட்டுல அம்மா இருக்காங்க, இசோபே சான். இன்னொன்னு வேண்டாம்."

"அவங்களுக்கும் எண்ணத் தெரியாதா?"

ஒன்பதாம் நாள் காலை, அறுபத்தேழாவது வீரன். அவன் உருட்டும் பனி உருண்டை நடுப்புள்ளியைத் தாண்டி மூன்று அடி உருண்டு நின்றது. தபுச்சி இன்னும் வந்திருக்கவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை. யசுயோ மறுபடி உருட்டினார். அதே இடத்தில் நின்றது.

குறை ஒன்று வந்தாலும் பழைய தரை என்று குரிமோதோ சொல்லியிருந்தார். யசுயோ தாளில் அந்தக் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டார். நேரம் எழுதினார். தூரம் எழுதினார். தபுச்சி வந்து தாளைப் பார்த்தான்.

"இதை ஏன் எழுதினீங்க? போச்சு எல்லாம்."

"நின்னுது. எழுதினேன்."

"தரையாலயா நின்னுது?"

"அது இன்னும் தெரியாது. உருண்டையை எடுத்துக்கிட்டு ஒன்னாம் மேடைக்கு வா."

ஒன்றாம் மேடையில் உருட்டினார்கள். அதே தூரத்தில் நின்றது. இரண்டாம் மேடையிலும் அதே. மாலைக்குள் அறுபத்து மூன்று மேடைகளிலும் உருட்டிவிட்டார்கள். எல்லாவற்றிலும் ஒரே தூரம், கடைசி அடி வரை. பனி உருண்டை இரண்டு விநாடியில் உருகி நிற்கும்படி எழுதப்பட்டிருந்தது. யாரும் அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை. யசுயோ பெருக்கல் குறியை அழிக்கவில்லை. பக்கத்தில் அறுபத்து மூன்று அளவுகளையும் எழுதி, தரையின் குறை அல்ல என்று முடித்தார்.

குரிமோதோ தாளை இரண்டு முறை படித்தார்.

"இதை எழுதாம விட்டிருந்தா எனக்குத் தெரியவே தெரியாது."

"அடுத்த தகாமத்சுல தெரிஞ்சிருக்கும்."

இருபத்திரண்டாம் தேதி எண்பத்திரண்டும் முடிந்தன. இருபத்தைந்தாம் தேதி அப்டேட் மூடப்பட்டது. நாற்பத்தொன்று அதில் இருந்தது. டிசம்பர் ஐந்தாம் தேதி யசுயோவின் வயிற்றில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்தார்கள். பத்தாம் தேதி அப்டேட் வெளியானது. அதோடு வந்த அறிவிப்பு நீளமானது. எந்த வீரனின் அடி குறைந்தது, யாருடைய வேகம் கூடியது என்று பக்கம் பக்கமாக இருந்தது. கடைசி வரி: மேலும் சில குறைகள் சரிசெய்யப்பட்டுள்ளன.

போட்டிக்காரர்கள் அதை அவ்வளவு சுலபமாக நம்பவில்லை. அவர்களே ஒரு மாதம் உருட்டிப் பார்த்தார்கள். வீடியோ போட்டார்கள், வாதாடினார்கள். ஜனவரி நடுவில் ஒசாகாக்காரர்கள் முதலில் சேர்த்தார்கள். பிறகு கியோத்தோ.

ஜனவரியின் கடைசி ஞாயிறு மதியம் வார்டு மண்டபத்துப் போட்டி நேரலையில் ஓடியது. நவோ அம்மா வீட்டில் இருந்தாள். அலுவலகத்தில் விடுப்பு வாங்கி ஒரு மாதமாக அங்கேதான் இருந்தாள். யசுயோ அடியில் கணப்பு வைத்த போர்வைமேசைக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பதினோரு கிலோ குறைந்திருந்தார். ஒரு நாளைக்கு ஆறு முறை, ஒரு முறைக்கு அரைக் கிண்ணம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கிண்ணம் முன்னால் இருந்தது.

அரையிறுதி. இரண்டு பேரும் அவர்களுக்குத் தெரியாதவர்கள். மேடை அடித்தார்கள். குழம்பு பொங்காத எரிமலை போனது, இன்னும் மூன்று போயின. வாய்க்கால் கரை மிஞ்சியது. சாம்பல் வானமும் அசையாத நீரும் திரையில் வந்தன.

"இதுதானே?" என்றாள் நவோ.

"ம்."

ஒருவன் நரியை எடுத்திருந்தான். முதல் உயிர் முழுக்க அவன் பூசணியைத் தொடவே இல்லை. இரண்டாவதில் இடது விளிம்பிலிருந்து ஒன்றை விட்டான். மெதுவானது. நவோ மூச்சைப் பிடித்துக்கொண்டாள். யசுயோ பிடித்துக்கொள்ளவில்லை. கட்டம் நிரம்பிய தாளை அவர் பார்த்திருந்தார்.

பூசணி நடுவைத் தாண்டி உருண்டு வலது விளிம்பில் விழுந்தது. எதிராளி அதைத் தாண்டிக் குதித்திருந்தான். வர்ணனை செய்த இருவரும் மண்டபத்துக்குப் பக்கத்தில் எந்தக் கடையில் கறிச்சோறு நன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நரி இன்னொன்று விட்டது. அதுவும் போனது. இப்போது அவர்கள் முட்டை வைத்த கறிச்சோறா, வைக்காததா என்பதற்கு வந்திருந்தார்கள்.

"போதும்," என்றார் யசுயோ. "அணைச்சிடு."

"ஆட்டம் முடியலையேம்மா. யார் ஜெயிக்கறாங்கன்னு பாக்க வேண்டாமா?"

"அது அவங்க பாடு."

நவோ அணைத்தாள்.

"கஞ்சி ஆறிடுச்சு," என்றார் யசுயோ. "கொஞ்சம் சுட வெச்சுக் குடு."